கர்பிஷ்லியை விரட்டியது ரசிகர்களா?

கேள்வி இது: "இங்கிலாந்தில் ஒரு நடுத்தரக் கால்பந்து அணியின் ரசிகர்கள் மேனேஜரை மாற்றச் சொன்னாலே 'சார்ல்டனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?' என்று மிரட்டுகிறார்களே, அது என்ன கதை? ஆலன் கர்பிஷ்லியை ரசிகர்கள்தான் துரத்தினார்களா? அவர் இருந்திருந்தால் கிளப் பிழைத்திருக்குமா?"

முதலில் நேரான பதில். 2006 வரை பதினைந்து வருடம் சார்ல்டனின் மேனேஜராக இருந்த கர்பிஷ்லியை ரசிகர்கள் துரத்தவில்லை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு அலுத்துப்போயிருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் போனது ஒப்பந்தப் பேச்சு முடங்கியதால். கிளப் கவிழ்ந்ததற்கும் அவர் போனதைவிட, அடுத்த ஏழு மாதத்தில் நிர்வாகம் எடுத்த முடிவுகள்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாத சார்ல்டன் ரசிகர்கள் ஏராளம். இன்றும் இரண்டு பழைய ரசிகர்கள் உட்கார்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது.

சார்ல்டன் அத்லெட்டிக் தென்கிழக்கு லண்டன் கிளப். மைதானத்தின் பெயர் தி வேலி. 1938இல் ஆஸ்டன் வில்லாவுடன் ஆடியபோது அங்கே 75,031 பேர் கூடினார்கள். அந்தக் கிளப்புக்கு 1985 செப்டம்பரில் சொந்த மைதானமே இல்லாமல் போனது. முதலில் கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கிலும் பிறகு வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க்கிலும் வாடகைக்கு ஆடி ஏழு வருடம் ஓட்டினார்கள். மைதானத்துக்குத் திரும்பும் திட்டத்துக்கு கிரீனிச் நகரசபை அனுமதி மறுத்ததும் ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'வேலி கட்சி' என்று ஒரு கட்சியே தொடங்கி 1990 உள்ளாட்சித் தேர்தலில் நின்றார்கள். ஒரு இடத்திலும் ஜெயிக்கவில்லை. ஆனால் 14,838 ஓட்டு வாங்கினார்கள். நகரசபை இறங்கி வந்தது. 1992 டிசம்பர் 5 அன்று போர்ட்ஸ்மத்துக்கு எதிராக மறுபடியும் தி வேலியில் ஆடி 1-0 என்று வென்றார்கள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், 'நல்ல மேனேஜரின் அருமை தெரியாத கூட்டம்' என்று இந்த ரசிகர்களைப் பற்றி மற்ற ஊர்க்காரர்கள் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். கிளப்பின் இயக்குநர் குழுவில் ரசிகர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் வேறு எந்தப் பெரிய கிளப் இதைச் செய்தது? நன்றியில்லாதவர்கள் என்று யாரை வேண்டுமானாலும் சொல்லுங்கள், இவர்களைச் சொல்லாதீர்கள்.

கர்பிஷ்லி வந்தது அந்த வாடகை வீட்டுக் காலத்தில்தான். 1991இல் லெனி லாரன்ஸ் மிடில்ஸ்பரோவுக்குப் போய்விட, அணியில் இருந்த கர்பிஷ்லியையும் ஸ்டீவ் கிரிட்டையும் சேர்த்து மேனேஜர்கள் ஆக்கினார்கள். வெளியிலிருந்து ஆள் கொண்டுவரப் பணம் இல்லாத கிளப். கர்பிஷ்லிக்கு அப்போது 33 வயது. (இவருடைய அண்ணன் பில், 'தி ஹூ' ராக் இசைக்குழுவின் மேலாளர். வீட்டிலேயே இரண்டு மேனேஜர்!) 1995இல் ரிச்சர்ட் மரே தலைமைக்கு வந்ததும் ஒரு உறைக்கு இரண்டு கத்தி வேண்டாம் என்று முடிவானது. கர்பிஷ்லி இருந்தார், கிரிட் வெளியேறினார். இந்த மரேயின் பெயரை நினைவில் வையுங்கள். கர்பிஷ்லியின் தனி ஆட்சியைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான், முடித்து வைத்தவரும் அவர்தான்.

அதன் பிறகு நடந்ததில் ஒரு நாளையாவது சொல்லாமல் விட முடியாது. 1998 மே, வெம்ப்ளி, இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்குள் நுழைய சண்டர்லாந்துடன் பிளே ஆஃப் என்ற தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம். சார்ல்டனுக்கு ஹாட்ரிக் அடித்தவர் கிளைவ் மென்டோன்சா. அவரே சண்டர்லாந்து அணியின் ரசிகராக வளர்ந்தவர். ஆட்டம் கைநழுவிக்கொண்டிருந்த நேரத்தில் ரிச்சர்ட் ரூஃபஸ் என்ற டிஃபெண்டர் தலையால் முட்டி 3-3 ஆக்கினார். அதுவரை கிளப்புக்காக அவர் ஒரு கோல்கூட அடித்ததில்லை. கூடுதல் நேரம் முடிந்தபோது 4-4. பெனால்டியில் முதல் 13 உதையும் உள்ளே போனது. பதினான்காவதாக வந்த சண்டர்லாந்தின் மைக்கேல் கிரே அடித்ததை சார்ல்டன் கோல்கீப்பர் சாஷா இலிச் பிடித்துவிட்டார். 7-6. வெம்ப்ளி பார்த்த மிகச் சிறந்த ஆட்டம் என்று பலர் இதைச் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சி.

அடுத்த வருடமே இரண்டாம் டிவிஷனுக்குக் கீழே இறங்கினார்கள். வேறு கிளப்பாக இருந்தால் மேனேஜரின் பெட்டியை வாசலில் வைத்திருப்பார்கள். மரே வைக்கவில்லை. 2000இல் 91 புள்ளியுடன் முதலிடம் பிடித்து மேலே வந்தார்கள். பிறகு வரிசையாக ஆறு சீசன் பிரீமியர் லீக்கில் அவர்கள் பிடித்த இடங்கள்: 9, 14, 12, 7, 11, 13. சுமார் 27,000 பேர் உட்காரும் மைதானம், பெரிய முதலாளி இல்லை, கோப்பைகள் இல்லை. அந்த நிலையில் இந்த எண்களை எட்டுவது எவ்வளவு கடினம் என்பது, அதே காலத்தில் மேலிருந்து இறங்கிப்போன பிராட்ஃபோர்டு, இப்ஸ்விச், லீட்ஸ் ரசிகர்களுக்குத் தெரியும்.

ரசிகர்களுக்குள் பிளவு எங்கே வந்தது என்றால் அந்த '7'இல்தான். 2003 டிசம்பர் 26 அன்று செல்சியை 4-2 என்று அடித்தார்கள். ரோமன் அப்ரமோவிச் வாங்கிய புதுச் செல்சி, பணத்தை அள்ளி வீசிக்கொண்டிருந்த செல்சி. அன்று சார்ல்டன் நான்காம் இடம், ஐரோப்பாவின் மேல்மட்டப் போட்டிக்குத் தகுதி தரும் இடம். சாம்பியன்ஸ் லீக் என்ற வார்த்தையை தி வேலியில் சிரிக்காமல் சொல்ல முடிந்த ஒரே மாதம் அது. அடுத்த மாதமே அதே செல்சி வந்து ஸ்காட் பார்க்கரை 10 மில்லியன் பவுண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது. நடுக்களத்தில் அணியின் உயிரே அவர்தான். சீசன் ஏழாம் இடத்தில் முடிந்தது, ஐரோப்பியப் போட்டி கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு கட்சி. ஒரு கட்சி சொன்னது: இதுதான் நம் உச்சம், இதற்கு மேல் போக வேண்டுமானால் எண்ணெய்க் கிணறு வேண்டும், இருப்பதைப் போற்றுவோம். இன்னொரு கட்சி சொன்னது: ஒவ்வொரு வருடமும் ஒரே படம். பொங்கல் வரைக்கும் நன்றாக ஆடுவது, இறங்காமல் தப்பிக்கப் போதுமான 40 புள்ளி கையில் வந்ததும் கால் தளர்ந்துவிடுவது, ஏப்ரலில் யாருக்கும் எதுவும் தேவையில்லாத ஆட்டங்களைப் பார்க்க சீசன் டிக்கெட் எடுப்பது. கோப்பைப் போட்டிகளிலும் பெரிதாக ஒன்றுமில்லை. இந்த இரண்டாம் கட்சியைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் பின்பாதிச் சரிவு அவர்கள் கற்பனை இல்லை, புள்ளிப் பட்டியலைப் பார்த்தவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்களும் மைதானத்தில் பேனர் கட்டவில்லை, ஊர்வலம் போகவில்லை. முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

2005-06 சீசன் இந்த விவாதத்தின் சுருக்கப் பதிப்பு மாதிரி இருந்தது. முதல் நான்கு லீக் ஆட்டத்திலும் வெற்றி. இப்ஸ்விச்சிலிருந்து புதிதாக வந்த டேரன் பென்ட் அந்த சீசன் லீக்கில் 18 கோல் அடித்தார். வேறு எந்த இங்கிலாந்துக்காரரும் அத்தனை அடிக்கவில்லை. அப்படியும் கடைசியில் 13ஆம் இடம், 47 புள்ளி. எஃப்.ஏ. கோப்பையில் காலிறுதி வரை போய், மறு ஆட்டத்தில் மிடில்ஸ்பரோவிடம் 4-2 என்று தோற்றார்கள். அந்த மிடில்ஸ்பரோவின் மேனேஜர் ஸ்டீவ் மெக்லாரன். அதே வசந்த காலத்தில் இங்கிலாந்து தேசிய அணியின் மேனேஜர் வேலைக்கு நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களில் கர்பிஷ்லியும் ஒருவர், மெக்லாரனும் ஒருவர். வேலை மெக்லாரனுக்குப் போனது.

கர்பிஷ்லியின் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. கடைசி வருட ஒப்பந்தத்தில் இருக்கும் மேனேஜரை வைத்துக்கொண்டு எந்தக் கிளப்பாலும் நிம்மதியாகத் திட்டம் போட முடியாது. ஆட்டக்காரர்கள், 'நாளைக்கு நீங்கள் இருப்பீர்களா?' என்று கேட்பார்கள். அதனால் நீட்டித்துக் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் இப்போதே பிரிந்துவிடலாம் என்ற இடத்துக்குப் பேச்சு வந்தது. பதினைந்து வருடம் ஒரே நாற்காலியில் இருந்தவருக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. 2006 ஏப்ரல் 29, தி வேலியில் அந்த சீசனின் கடைசி ஆட்டம் நடந்த நாளில் அறிவிப்பு வந்தது. பிளாக்பர்னிடம் தோல்வி. அதற்கு அடுத்த வாரம் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 4-0. விடைபெறுவதற்கு நல்ல ஆட்டங்கள் இல்லைதான்.

இதுவரை சொன்னதில் தவறு என்று நான் எதையும் குறிக்க மாட்டேன். இரு தரப்பும் மரியாதையோடு பிரிந்தார்கள். தவறுகள் இதற்குப் பிறகுதான் வரிசை கட்டி வருகின்றன.

மே 30 அன்று இயன் டௌயியை நியமித்தார்கள். எட்டு நாள் முன்புதான் அவர் பக்கத்து எதிரியான கிரிஸ்டல் பேலஸை விட்டிருந்தார். வடக்கே இருக்கும் குடும்பத்துக்கு அருகில் போக வேண்டும் என்று சொன்னதால் பேலஸ் தலைவர் சைமன் ஜோர்டன் நஷ்டஈடு கேட்காமல் விடுவித்தார். வடக்கே போக வேண்டியவர் சில மைல் தள்ளி சார்ல்டனில் வந்து உட்கார்ந்தார். டௌயியை அறிமுகப்படுத்திய பத்திரிகையாளர் சந்திப்பிலேயே ஜோர்டனின் ஆள் வந்து வழக்கு நோட்டீஸைக் கையில் கொடுத்தார். மறுவருடம் நீதிமன்றமும் ஜோர்டன் பக்கமே தீர்ப்புச் சொன்னது. வேடிக்கையான கதைதான், ஆனால் ஒரு புது மேனேஜர் முதல் நாளிலிருந்து வழக்கையும் தலையில் சுமந்துகொண்டு வேலை பார்ப்பது எந்தக் கிளப்புக்கும் நல்லதில்லை.

கர்பிஷ்லி காலத்தில் எல்லா முடிவும் அவர் மூலம்தான் நடந்தது. யாரை வாங்குவது, யாரை விற்பது, பயிற்சி எப்படி, எல்லாம். அவர் போனதும் கிளப் ஒரே மூச்சில் முழு அமைப்பையும் மாற்றியது. பொது மேலாளர் என்று ஒரு புதுப் பதவி, புது உதவியாளர்கள், கூடவே ஒரு கோடையில் குவிந்த புது ஆட்டக்காரர்கள்: அம்டி ஃபே, ஜிமி ட்ராவோரே, சுலேமான் டியவாரா, ஆண்டி ரீட், வயது முற்றிய ஜிமி ஃப்ளாய்ட் ஹாசல்பைங்க். முதல் ஆட்டம் வெஸ்ட் ஹாமில். அறிமுக ஆட்டத்திலேயே ட்ராவோரே சிவப்பு அட்டை வாங்கினார், 3-1 தோல்வி. 12 லீக் ஆட்டத்தில் இரண்டே வெற்றி. நவம்பர் 13 அன்று டௌயி வெளியே.

பதினைந்து வருடம் ஒரே மேனேஜரை வைத்திருந்த கிளப், 1999இல் கீழே இறங்கியபோதும் அவரை விடாத கிளப், அடுத்தவருக்கு ஆறு மாதம்கூடக் கொடுக்கவில்லை. சார்ல்டனின் கதையில் எனக்குப் புரியாத ஒரே விஷயம் இதுதான். டௌயி நல்ல தேர்வு என்று சொல்லவில்லை. ஆனால் அவரை நீக்கினால் அடுத்து யார் என்று யோசித்துவிட்டு நீக்கியிருக்க வேண்டாமா? உதவியாளராக இருந்த லெஸ் ரீடிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். நல்ல பயிற்சியாளர் என்று பெயர் எடுத்தவர், ஆனால் பிரீமியர் லீக்கில் ஒரு அணியைத் தனியாக நடத்தியதில்லை. ஏழு லீக் ஆட்டத்தில் ஒரு வெற்றி. லீக் கோப்பை காலிறுதியில் நான்காம் டிவிஷனில் இருந்த விக்கம் வாண்டரர்ஸ் தி வேலிக்கு வந்து 1-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ரீடும் போனார்.

இதற்கிடையில் தேம்ஸ் நதிக்கு அந்தப் பக்கம் ஒரு வேடிக்கை. அதே டிசம்பரில் வெஸ்ட் ஹாம் தன் மேனேஜர் ஆலன் பார்டியூவை நீக்கியது. இரண்டே நாளில் அந்த இடத்துக்குக் கர்பிஷ்லியைக் கொண்டுவந்தது. வேலையிழந்த பார்டியூ நேராகச் சார்ல்டனுக்கு வந்தார். அதாவது இரண்டு லண்டன் கிளப்புகள் கிட்டத்தட்ட மேனேஜர்களை மாற்றிக்கொண்டன. இரண்டுமே இறங்கும் பயத்தில் இருந்தவை. 2007 பிப்ரவரியில் கர்பிஷ்லி வெஸ்ட் ஹாமுடன் தி வேலிக்கு வந்தபோது பார்டியூவின் சார்ல்டன் 4-0 என்று நொறுக்கியது. அன்று மாலை கேட்டிருந்தால், இறங்கப்போவது வெஸ்ட் ஹாம்தான் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

நடந்தது வேறு. கார்லோஸ் டெவஸ் கடைசி வாரங்களில் வெஸ்ட் ஹாமைத் தூக்கி நிறுத்தினார். கடைசி நாள் ஓல்ட் டிராஃபோர்டில் அவர் அடித்த கோலில் 1-0 வெற்றி, 41 புள்ளி, தப்பித்தார்கள். (டெவஸை வாங்கிய விதத்துக்காக வெஸ்ட் ஹாமுக்கு 5.5 மில்லியன் பவுண்டு அபராதம் விழுந்தது, ஷெஃபீல்டு யுனைடெட் ரசிகர்கள் இன்னும் அதை மறக்கவில்லை. அது தனிக் கேள்விக்கான விஷயம்.) சார்ல்டன் 34 புள்ளியுடன் 19ஆம் இடம். மே 7 அன்று தி வேலியில் டாட்டனமிடம் தோற்றதோடு முடிந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சீசனின் முதல் பாதி, டௌயியும் ரீடும் சேர்ந்து 19 ஆட்டம்: 12 புள்ளி. இரண்டாம் பாதி, பார்டியூவின் 19 ஆட்டம்: 22 புள்ளி. அதே ஆட்டக்காரர்கள்தான், சில ஜனவரி வரவுகளைத் தவிர. அந்த வேகத்தில் முழு சீசனும் போயிருந்தால் 44 புள்ளி. அந்த வருடம் தப்பிக்க 39 போதுமாக இருந்தது. ஆக, கர்பிஷ்லி இல்லாமலும் அந்த அணி பிழைத்திருக்க முடியும். ஆகஸ்டிலேயே ஒரு சுமாரான, அனுபவமுள்ள ஆள் இருந்திருந்தால் போதும். இதனால்தான் 'கர்பிஷ்லி போனதால் கிளப் அழிந்தது' என்ற வாக்கியத்தை நான் ஏற்பதில்லை.

மூன்றாவது கேள்வி, அவர் இருந்திருந்தால்? அந்த ஒரு வருடம் நிச்சயம் தப்பித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவரிடம் பென்ட் இருந்தார், அணி அவர் கையால் கட்டியது. ஆனால் ஐந்து வருடம் தாங்கியிருக்குமா என்றால் சந்தேகம்தான். தொலைக்காட்சிப் பணம் ஏறிக்கொண்டே போனது, வெளிநாட்டு முதலாளிகள் ஒவ்வொரு கிளப்பாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். 27,000 இருக்கைகளோடு அந்த ஓட்டத்தில் நிற்பது வருடத்துக்கு வருடம் கடினமாகியிருக்கும். என்றாவது ஒருநாள் இறங்கியிருப்பார்கள். இறங்கினாலும் 2000இல் போல நிதானமாகத் திரும்பி வரும் வாய்ப்பு இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். நடந்தது என்னவென்றால், பென்டை 16.5 மில்லியனுக்கு டாட்டனமிடம் விற்று, ஒரே வருடத்தில் திரும்பிவிடலாம் என்று செலவழித்து, அது பலிக்காமல் 2009இல் மூன்றாம் டிவிஷனுக்கே விழுந்தார்கள்.

'சார்ல்டன் கதி' என்று மிரட்டுகிறவர்கள் மறைக்கிற இன்னொரு பக்கம் உண்டு. ஸ்டோக் சிட்டி 2013இல் டோனி புலிஸை அனுப்பியபோதும் இதே மிரட்டல்தான். அவருக்குப் பின் வந்த மார்க் ஹியூஸ் தொடர்ந்து மூன்று முறை ஒன்பதாம் இடம் பிடித்தார், புலிஸ் எட்டாத இடம். (பிறகு 2018இல் இறங்கினார்கள், உண்மைதான்.) வெஸ்ட் ஹாம் 2015இல் சாம் அலர்டைஸின் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டபோதும் சார்ல்டனை இழுத்தார்கள். ஸ்லாவன் பிலிச் முதல் வருடத்திலேயே 62 புள்ளியுடன் ஏழாம் இடம் பிடித்துக் காட்டினார். மேனேஜர் மாற்றம் விஷப்பரீட்சையா இல்லையா என்பது வருகிறவரைப் பொறுத்தது. ரசிகர்கள் முணுமுணுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கர்பிஷ்லிக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. 2008 செப்டம்பரில் வெஸ்ட் ஹாமை விட்டார். தன்னைக் கேட்காமல் ஆன்டன் ஃபெர்டினான்டையும் ஜார்ஜ் மெக்கார்ட்னியையும் சண்டர்லாந்துக்கு விற்றுவிட்டார்கள் என்பது அவர் புகார். ஆட்டக்காரர் விற்பனையில் கடைசி வார்த்தை தனக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார், நடுவர் மன்றமும் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அவர் எந்த அணிக்கும் மேனேஜர் ஆகவில்லை. வெஸ்ட் ஹாமை விட்டபோது வயது ஐம்பதுதான். தேசிய அணிக்குப் பேசப்பட்டவர்! சார்ல்டன் அவரை இழந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள், அவரும் சார்ல்டன் போன்ற ஒரு இடத்தை மறுபடி கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதலாம்.

ரசிகர்கள் உண்மையிலேயே கொதித்த ஒரு மேனேஜர் வெளியேற்றம் சார்ல்டனில் உண்டு, அது கர்பிஷ்லியுடையது அல்ல. அவர் அணியில் இடது பின்களத்தில் ஆடி இங்கிலாந்து அணிக்கும் போன கிரிஸ் பவெல், மேனேஜராகத் திரும்பி வந்து 2012இல் 101 புள்ளியுடன் மூன்றாம் டிவிஷனை வென்று கொடுத்தார். 2014 ஜனவரியில் கிளப்பை வாங்கிய பெல்ஜிய முதலாளி ரோலண்ட் துஷாத்லே இரண்டே மாதத்தில் அவரை அனுப்பினார். 2016இல் கிளப் மறுபடி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த வருட அக்டோபரில், அதேபோல் தங்கள் முதலாளிகள் மீது கடுப்பில் இருந்த கவன்ட்ரி ரசிகர்களோடு சேர்ந்து, ஆட்டம் நடக்கும்போதே ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் பன்றிகளை மைதானத்துக்குள் எறிந்தார்கள். 2006இல் முணுமுணுத்தவர்களும் முணுமுணுக்காதவர்களும் அன்று ஒரே பக்கம் நின்றார்கள்.

2019இல் ஏறி 2020இல் இறங்கி, 2025 மே மாதம் வெம்ப்ளியில் லேட்டன் ஓரியன்டை 1-0 என்று வென்று இரண்டாம் டிவிஷனுக்கு வந்தார்கள். 2007க்குப் பிறகு பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.